ஜெயித்தால் அடுத்து எங்கே?

வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், இன்னும் எந்த நிறுவனமும் வேலி போடாத தரிசு நிலம் ஒன்று இருக்கிறது. கோடையில் அங்கே எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கும். உள்ளூர் இளைஞர்களோடு, தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்களும், விடுதி மாணவர்களும் ஆடுவார்கள். ஒவ்வோர் அணிக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. வெல்பவர்களுக்கு ஒரு கோப்பையும் கொஞ்சம் ரொக்கமும். ஒலிபெருக்கி, சோடாக் கடை, வரப்பில் குந்தியிருக்கும் பெரியவர்கள் என ஒரு சிறு திருவிழாவாகவே அது இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வசதியான ஒப்பந்தக்காரர் தம் பெயரில் ஓர் அணியை இறக்கினார். ஏழு பேரில் ஐந்து பேர் வெளியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். சென்னை லீக்கில் ஆடிப் பழகியவர்கள். அழகான ஆட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் இறுதிப்போட்டி இடைவேளையிலேயே ஆறுக்குப் பூஜ்யம் என்றாகிவிட்டது. வரப்பிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கோப்பையை வாங்கும்போது கைதட்ட அந்த ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மறுவருடம் போட்டிக் குழு ஒரு விதி கொண்டுவந்தது: ஓர் அணிக்கு வெளியாட்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. குழுவிலிருந்த பெரியவர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். "எதிராளி இல்லாம எப்படி சார் ஆட்டம்?" என்றார்.

பணத்தையும் விளையாட்டையும் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களை அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு தமிழ் வாத்தியாருக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குப் புறத்திணையிலிருந்தே விடை சொல்கிறேன். தொல்காப்பியம் போரை ஒரே பொருளாகப் பார்க்கவில்லை. மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி. வலிமையை மெய்ப்பிப்பது ஒன்றையே நோக்கமாகக் கொண்டு இருவர் எதிர்நிற்பது தும்பை. தும்பைக்கு எதிர்நிற்பவன் தேவை. அவனும் ஆற்றலுடையவனாக இருக்க வேண்டும். விளையாட்டு என்பது தும்பை. அதனுள் பணம் அளவின்றிப் புகும்போது அது வஞ்சியாகிவிடுகிறது. எதிராளியை வெல்வது போய், அவன் நிலத்தையே வாங்கிவிடுவது நோக்கமாகிவிடுகிறது.

இனி, நம் மாநிலத்துக் கதைக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. நூற்றாண்டுப் பெருமையை நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அணி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடம். பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். அந்தப் பருவத்தில் பெத்ரோ மான்சி அடித்தது 21 கோல்கள். நட்சத்திர முதலாளிகளோ விளம்பர வெளிச்சமோ இல்லாத ஓர் அணி நிகழ்த்திய சாதனை அது. வேறு எந்த நாட்டிலாவது அது ஒரு தொடக்கமாக இருந்திருக்கும். இங்கே அது ஒரு முடிவாகிவிட்டது. ஏனென்றால் அதற்கு மேலே ஏறப் படி இல்லை.

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் அப்போது கதவடைத்த வீடாக இருந்தது. பணம் கட்டி உள்ளே வந்தவர்கள் உள்ளே இருப்பார்கள். கடைசி இடம் பெற்றாலும் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. வெளியே இருந்தவர்கள் முதலிடம் பெற்றாலும் 2023 வரை உள்ளே வர முடியவில்லை. ஐ-லீக் வெற்றியாளருக்கு மேலே செல்லும் வழியை வகுத்த ஆசியக் கூட்டமைப்பின் திட்டம் 2019 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் 2022-23 பருவத்திலிருந்துதான் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்கை சுவிட்சர்லாந்தின் பாசெல் அணி 2019இல் வாங்கியபோது நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பணமுள்ள இடத்துக்குப் போனார்கள். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் பட்டத்துக்கு முன்பே ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால் பட்டம் வென்ற கையோடு சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பத்தாண்டு காலமே நீடிக்கும் தொழில் அது. 2021க்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் அவசியம். நான் சென்னையின் எஃப்.சி. ரசிகன். 2015 டிசம்பரில், வெள்ளம் வடிந்து சேறு காயாத நாட்களில், கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் 3-2 என்று வென்றபோது அறையில் தனியாகக் கத்தியவன். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதே 3-2 என்ற கணக்கில் அதன் சொந்த மண்ணில் வென்றபோதும் கத்தினேன். கோயம்புத்தூருக்கு ஒருநாளும் போகவில்லை. மூடிய கதவுக்கு உள்ளே இருந்தவன் நான். வெளியே யார் நிற்கிறார்கள் என்று அப்போது எட்டிப் பார்க்கவில்லை.

மூடிய லீக்குக்கு ஆதரவான வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஐரோப்பாவைப் பாருங்கள் என்பார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினொரு முறை பேயர்ன் முனிக்கே பட்டம் வென்றது. 2017இல் நெய்மர் என்ற ஒருவருக்காக பாரிஸ் அணி கொடுத்த விலை 22 கோடியே 20 இலட்சம் யூரோ. லெஸ்டர் சிட்டி 2016இல் இங்கிலாந்தில் பட்டம் வென்றதை நாம் இன்றும் பேசிக்கொண்டிருப்பதே அது எவ்வளவு அரிது என்பதற்குச் சான்று. இதற்கு மாறாக நம் சூப்பர் லீக்கில் சம்பள உச்சவரம்பு இருந்தது. கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, மும்பை, ஹைதராபாத் என்று கோப்பை ஊர் ஊராகச் சுற்றி வந்தது. சமநிலை இருந்தது என்பது உண்மைதான்.

ஆனால் சமநிலை வேறு, போட்டி வேறு. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது சமநிலைக்குப் பொருள் இல்லை. பருவத்தின் பாதியிலேயே பின்தங்கிவிட்ட அணி மீதி ஆட்டங்களை எதற்காக ஆடுகிறது? திறந்த லீக்கில் பதினெட்டாம் இடத்துக்கும் பதினேழாம் இடத்துக்கும் நடக்கும் போர், முதலிடத்துக்கான போரைவிட உக்கிரமானது. அங்கே கண்ணீர் விடுகிற ரசிகனைப் பார்த்திருக்கிறேன், தொலைக்காட்சியில்தான். இங்கே கடைசி இடம் பெற்றால் நாம் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கிறோம். அது துக்கம்கூட இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. கதவு மூடிய வீட்டில் இடம் என்பது சொத்து. சொத்தை விற்கலாம், இடம் மாற்றலாம். புனே அணியின் இடத்தில் 2019இல் ஹைதராபாத் அணி வந்தது. அந்த ஹைதராபாத், 2022இல் பட்டம் வென்றது; 2025இல் அதுவே டெல்லிக்குப் போய்விட்டது. முன்பு டெல்லியில் இருந்த அணியோ 2019இல் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1911இல் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை வென்ற மோகன் பகானை எவராவது வேறு ஊருக்குத் தூக்கிச் செல்ல முடியுமா? ஊரும் பேரும் இல்லாத அணிக்கு ரசிகன் எப்படி உண்டாவான்?

சரி, இத்தனை கதவடைப்பும் முதலீட்டுக்குப் பாதுகாப்பு என்றார்களே, அந்தப் பாதுகாப்பாவது கிடைத்ததா? 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்று வணிக உரிமையை எழுதிக்கொடுத்தது. 2025 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் முடியும் நிலை வந்ததும், ஜூலையிலேயே லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது. நான் நேசிக்கும் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. புதிதாக உரிமை கோர அழைத்தபோது நவம்பரில் ஒருவர்கூட வரவில்லை. கடைசியில் 2026 ஜனவரியில் மத்திய அமைச்சர் தலையிட்டு, பிப்ரவரி 14 முதல் 14 அணிகளுடன் லீக் நடக்கும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரே தூணில் நிற்கும் மண்டபம், தூண் அசைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

பணம் இல்லாத நாடா இது? நான் தினமும் பேருந்தில் கடந்துபோகும் சாலையே பதில் சொல்லும். ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ் ஆலை இருக்கிறது. சென்னையின் எஃப்.சி.யின் சட்டையில் சில பருவங்கள் அந்தப் பெயர் இருந்தது. அதே நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இடம்பெற, 2028 வரைக்குமாக ஒப்புக்கொண்ட தொகை 579 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. முழு இந்தியக் கால்பந்தும் பதினைந்தாண்டுக்கு 700 கோடி. கிரிக்கெட் சட்டையின் மார்புப்பகுதி மட்டும் மூன்றாண்டுக்கும் குறைவான காலத்துக்கு 579 கோடி. நிறுவனத்தின் மேல் பிழையில்லை. கண்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே பணம் போகும். கேள்வி, கண்களை எப்படித் தருவிப்பது என்பதுதான்.

அதற்கும் இந்தச் சாலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங். இரண்டும் தென்கொரியாவில் கால்பந்து அணிகளை வளர்த்த குழுமங்கள். அங்கே 1983இல் தொடங்கிய தொழில்முறை லீக்கும் நம்முடையதைப் போல மூடிய லீக்காகவே இருந்தது. முப்பதாண்டுகள் கழித்து, 2013 வாக்கில், ஏற்றமும் இறக்கமும் கொண்ட முறைக்கு அவர்கள் மாறினார்கள். விளைவு? நான்கு முறை லீக் பட்டமும் இரண்டு முறை ஆசியப் பட்டமும் வென்ற சுவோன் சாம்சங் அணி, 2023 பருவ முடிவில் கடைசி இடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. உலகின் பெரும் குழுமங்களில் ஒன்றின் பெயர் சட்டையில் இருந்தும் சலுகை கிடையாது. அதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை; அந்த லீக்கின் கௌரவம் என்றே எண்ணுகிறேன். நம் நாட்டிலோ, கீழிறக்கம் 2024-25 முதல் என்று எழுதிவைத்த வாக்குறுதி இருந்தும் அந்தப் பருவத்தில் கடைசியாக வந்த மொகமதன் அணி இறங்கவில்லை. மேலே வரும் பாதியைத் திறந்தோம். 2023இல் பஞ்சாபும் அடுத்த ஆண்டு மொகமதனும் வந்தன. கீழே போகும் பாதியைத் திறக்க அஞ்சினோம்.

ஆகவே நான் கேட்பது பணமில்லாத கால்பந்தை அன்று. அது ஏழ்மையை அழகாக்கும் பேச்சு. சம்பளம் வராத ஆட்டக்காரனிடம் அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. நான் கேட்பது மூன்று. முதலாவது, கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஒளிபரப்பு வருமானத்தின் பெரும்பகுதி எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிய வேண்டும். ஏனெனில் ஆட்டம் இருவர் சேர்ந்து செய்யும் பொருள், வென்றவன் மட்டும் செய்ததன்று. மூன்றாவது, ஒரு பருவத்தின் முழுச் சம்பளத்தையும் முன்கூட்டியே வைப்பாகச் செலுத்திய பிறகே ஓர் அணி களமிறங்க வேண்டும். நம் தரிசு நிலத்துப் போட்டிக் குழுகூட நுழைவுக் கட்டணத்தை முன்னதாக வாங்கிக்கொண்டுதான் அட்டவணை போடுகிறது.

கடைசியாக ஒன்று. என் மாணவன் ஒருவன் இடது ஓரத்தில் ஆடுபவன். மூன்றாமாண்டு முடித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஊழியனாக இரவு முறை வேலைக்குப் போகிறான். சென்ற கோடையில் அவன் அணி கோப்பையை வென்றது. வாழ்த்தினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, இங்க ஜெயிச்சாச்சு. அடுத்து எங்க போய் ஆடறது?" என்று கேட்டான்.

மாவட்டம், மண்டலம் என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே அது விடையில்லை என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் நிரந்தரம் ஆகமாட்டோம் என்று தெரிந்தே பேருந்தேறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வாழும் வட்டாரம் இது. பகலில் அவர்கள் எதிர்கொள்ளும் மூடிய கதவை மாலையில் மைதானத்திலும் காட்டுவதற்கு ஒரு விளையாட்டு எதற்கு? வல்லக்கோட்டைத் தரிசிலிருந்து நேரு விளையாட்டரங்கம் வரை ஒரு படிக்கட்டு இருக்க வேண்டும். அவன் அதில் ஏறாமலே போகலாம்; இரண்டாம் படியில் தோற்றுத் திரும்பலாம். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு ஓர் ஆசிரியன் பொய் சொல்லாமல் பதில் தர முடிய வேண்டும்.