ஜுன்னர் நாட்டுப்புறம் செல்வோர்க்கு

விடுமுறை வந்தால் நம் இல்லத்தார் அறிந்த வழி இரண்டே. ஒன்று, சொந்த ஊருக்குச் செல்லும் இரயில். மற்றொன்று, பாணேர்ச் சாலைக் கடைத்தெரு. நம் பிள்ளைகள் வளரும் இம்மராட்டிய நாட்டின் சிற்றூர்களை நம்மிற் பலர் கண்டதில்லை. ஆதலின் இத்திங்கள், ஜுன்னர் வட்டத்திற்குச் சென்றுவர விழைவோர்க்குச் சில குறிப்புகள் தருகின்றோம்.

பாணேரிலிருந்து ஜுன்னர் ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தொலைவு. நாசிக் நெடுஞ்சாலையில் சாக்கண், ராஜ்குருநகர், மஞ்சர் ஆகிய ஊர்களைக் கடந்து, நாராயண்காவில் இடப்புறம் திரும்புக. சாக்கணில் ஆலை வண்டிகளின் நெரிசல் மிகுதி. வைகறை ஐந்தரை மணிக்கே புறப்படுதல் நன்று.

காணத்தக்கவை மூன்று. சிவாஜி 1630ஆம் ஆண்டு பிறந்த சிவநேரிக் கோட்டை முதலாவது. குடைவரையினுள் பிள்ளையார் வீற்றிருக்கும் லேண்யாத்ரி இரண்டாவது. அங்கே முந்நூற்றுக்குச் சற்றே குறைந்த படிகள் உள, குரங்குகளும் உள, தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர். மூன்றாவது, மேற்கே மேலும் முப்பது கிலோமீட்டர் சென்றால் வரும் நாணேகாட். கொங்கணத்தையும் தக்காணத்தையும் இணைத்த பழைய வணிகக் கணவாய் அது. சாதவாகன அரசி நாகனிகையின் பிராமிக் கல்வெட்டு அங்குள்ள குகையில் இருக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குன்றிலுள்ள தமிழி எழுத்துகளுக்கு இவ்வெழுத்துகள் உறவுடையன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒரே நாளில் மூன்றையும் காண முயலற்க, இரண்டே போதும்.

மழைக்காலத்தில் நாணேகாட்டில் காற்று அருவி நீரை மேல்நோக்கி வீசும். அக்காட்சியைப் படமெடுக்கப் பாறை விளிம்புக்குச் செல்லுதல் கூடாது. மூடுபனியில் விளிம்பு கண்ணுக்குப் புலப்படாது, பாறையும் வழுக்கும்.

இனி, தலையாய எச்சரிக்கை. குக்கடி ஆற்றுப் பகுதியில் அணைகள் எழுந்தபின் கரும்பு பெருகிற்று. கரும்புத் தோட்டமே சிறுத்தைக்குக் காடாயிற்று. அது குட்டி ஈன்று வளர்ப்பதும் ஆங்கேயே. மாணிக்டோஹில் சிறுத்தைகளைப் பேணும் நிலையம் ஒன்றும் உளது. சிறுவரையும் குனிந்திருப்போரையும் அது எளிய இரையெனக் கொள்ளும்.

சென்ற கார்காலத்தில் இதை அறிந்தும் நாம் தவறினோம். திரும்புகையில் பொழுது சாய்ந்துவிட்டது. சிறுநீர் கழிக்கவேண்டும் என்ற சிறுவனைக் கரும்பு வயலோரம் இறக்கிவிட்டோம். எதிரே வந்த மூதாட்டி ஒருவர் தலைச்சுமையைக் கீழே போட்டு ஓடிவந்து, "பிபட்யா! பிபட்யா!" என்று கூவி, பிள்ளையைப் பற்றி வண்டிக்குள் ஏற்றினார். 'சிறுத்தை' என்பதே அச்சொல்லின் பொருள் என்று பின்னரே உணர்ந்தோம். பத்தாண்டுகளாக இந்நாட்டில் வாழும் நமக்கு, அவர்க்கு நன்றி கூறவும் நாலு மராத்திச் சொல் வாய்க்கு வரவில்லை. வெட்கினோம்.

ஆகவே, பிற்பகல் நான்கு மணிக்கே திரும்பப் புறப்படுக. அந்திக்குப் பின் வயலோரம் இறங்கற்க. சில்லறைப் பணம் உடன் கொள்க. எஸ்.டி. பேருந்து ஜுன்னர் வரை செல்லும். நாணேகாட்டுக்கு அதனை நம்புதல் வேண்டா.

உணவைப் பொறுத்தவரை, அவ்வட்டாரத்து 'மாஸ்வடி'யைச் சுவைத்துப் பாருங்கள். பெயர் கேட்டு மரக்கறி உண்போர் அஞ்ச வேண்டா. அது கடலை மாவில் செய்வது.

எல்லாவற்றினும் மேலாக, எதிர்ப்படுவோரிடம் "ராம் ராம்" என்று கூறுங்கள். முதியவளை 'ஆஜி' என்றும், பெரியவரை 'காகா' என்றும் அழைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நம் பிள்ளையைத் தன் பேரனாக எண்ணி ஓடிவந்த அம்மூதாட்டிக்கு, நாம் செய்யக்கூடிய கைம்மாறு அஃதொன்றே.