வெள்ளைக் கோப்பையும் பூக்கோப்பையும்

ஆலத்தியூரில் உள்ள எங்கள் இல்லத்தில் என் தமக்கையாருக்குத் திருமணம் உறுதியாயிற்று. பந்தலின் அளவு, அழைப்பிதழின் நிறம், விருந்தினர் தொகை முதலியவற்றைப் பற்றி எழுந்த வழக்குகள் யாவும் ஒரு பகற்பொழுதில் தீர்ந்தன. தீராது பதினைந்து நாள் நீடித்த வழக்கு ஒன்றே. புதுக்குடித்தனத்திற்கு வாங்க வேண்டிய பீங்கான் கோப்பைகளும் தட்டுகளும் வெறும் வெள்ளையாய் இருத்தல் வேண்டுமா, பூவேலை செய்தனவாய் இருத்தல் வேண்டுமா என்பதே அது. தாயாரும் தமக்கையாரும் ரோசாப்பூவும் பொன்விளிம்பும் உடையவற்றையே வேண்டி நின்றனர். தந்தையார், விலை குறைவென்னும் ஒரே காரணத்தால், வெள்ளையே போதும் என்றார். யானோ எவரும் கேளாமலே கருத்துரைக்கும் வழக்கமுடையவன். தந்தையாரின் பக்கம் சேர்ந்தேன். அவருடைய காரணம் வேறு, என்னுடைய காரணம் வேறு. அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். தமிழ் ஆனர்ஸ் பயிலும் ஒருவனுக்குக் கோப்பையும் ஒரு பொருளா என நகைப்பார் நகைக்க. புறநானூற்றுப் புலவர் ஒருவர் மட்கலம் வனையும் குயவரையே விளித்துப் பாடவில்லையா?

பூக்கோப்பையை விரும்புவாரை யான் இகழேன். வைகறைதோறும் வாயிலில் கோலமிடும் நாட்டில் வெறுமையே அழகென்று சாதித்தல் எளிதன்று. சேலைக்குக் கரை வேண்டும். கோரைப்பாய்க்குச் சாயம் வேண்டும். கட்டைவண்டி மாட்டுக்குங்கூடக் கொம்பில் வண்ணம் வேண்டும். “கோப்பைக்கு மட்டும் ஏன் வேண்டாம்?” என்று தமக்கையார் வினவியபோது யான் விடையின்றி நின்றேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

பீங்கான் என்பது பாரசீகத்தினின்றும் கோப்பை என்பது போர்த்துக்கேய மொழியினின்றும் நமக்கு வந்த சொற்கள். பொருளோ சீனத்தினின்றும் வந்தது. எங்கள் அரியலூர் மாவட்டத்திலேயே உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில், சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டை அகழ்ந்தோர் சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்துள்ளனர். சோழர் தூதுவர் 1015ஆம் ஆண்டிலும், பின்னர் 1033, 1077ஆம் ஆண்டுகளிலும் சீன அரசவையை அடைந்தமையை அந்நாட்டுக் குறிப்புகள் கூறும். தூதும் வாணிகமும் நிகழ்ந்த கடல்வழியே கோப்பையும் வந்தது. அரண்மனையில் அது புழங்கிய காலத்து ஊரார் கையில் இருந்தது மண்சட்டியே.

அவ்வோடுகளினும் என் உள்ளத்தைக் கவர்ந்தவை கீழடியில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் கிடைத்த ஓடுகளேயாம். அவை சோழர் அரண்மனைக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையன. கருமையும் செம்மையும் கலந்த அவற்றுட் பலவற்றில் பூவுமில்லை, கொடியுமில்லை. சிலவற்றில் தமிழி எழுத்தால் ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. இன்றும் எவர்சில்வர்ப் பாத்திரக் கடையில் வாங்கிய குடத்தை நீட்டிப் பெயர் வெட்டித் தரச் சொல்லுகின்றோம் அல்லமோ! கலத்துக்குப் பூ இல்லாமற் போகலாம், பெயர் இல்லாமற் போகலாகாது என்பது நம்மவர் கொண்ட பழைய கொள்கை போலும்.

மேனாட்டிலும் இவ்வழக்கு நடந்துளது. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் குயவர் பாலாடை நிறக் கலங்களைச் செம்மை செய்ய, அரசி சார்லட் 1765ஆம் ஆண்டில் அவற்றை விரும்பி வாங்கினார். அன்று முதல் அவை ‘அரசியின் கலம்’ எனப் பெயர் பெற்றன. வெறுமையாகிய கலத்தையும் அன்று உயர்குடியினர் விரும்பினர். பின்னர்ச் செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தைத் தாளில் அச்சிட்டு, அத்தாளினின்றும் கலத்தின்மேல் ஒற்றி எடுக்கும் முறை பரவிற்று. கையால் தீட்ட வேண்டிய பூவேலை மலிந்து எளியோர் வீட்டையும் அடைந்தது. வில்லோ மரமும் பாலமும் இரு பறவைகளும் கொண்ட நீலச் சித்திரம் அவ்வாறே புகழ் பெற்றது. அதனைச் சுற்றி வழங்கும் சீனக் காதலர் கதை சீனர் அறியாதது. கலத்தை விற்பதற்கு உதவியாக இங்கிலாந்திலேயே புனையப்பட்டது. ஆகவே, பூவுடையது உயர்வு, வெறுமையானது தாழ்வு என்பது மண்ணிலும் இல்லை, சூளையிலும் இல்லை. நாம் ஏற்றி வைப்பதே அது.

அடுப்பங்கரைக்கு ஏற்ற காரணங்களும் உள. பூவேலை இருவகைப்படும். பளபளப்புப் பூச்சின் அடியில் தீட்டுவது ஒன்று; பூச்சின்மேல் தீட்டி மறுமுறை சிறு வெப்பத்தில் சுடுவது மற்றொன்று. அடியில் தீட்டும் நிறம் சூளையின் கடும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். கோபால்ட் என்னும் உலோகத்தால் வரும் நீலம் அதனைத் தாங்குவதாலேயே உலகெங்கும் நீலப் பூக்கள் மிகுந்தன. மேலே தீட்டிய சிவப்பும் மஞ்சளும் பொன்னும் நாட்பட்ட தேய்ப்பில் மங்கும். பழைய கலங்களில் இவ்வண்ணங்களோடு ஈயமும் காட்மியமும் சேர்ந்திருத்தல் உண்டு; புளிப்பான பொருள் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். புளிக்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் உண்ணும் நமக்கு இஃது அற்பச் செய்தியன்று. பொன்விளிம்பு உடையதை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தாலோ பொறி பறக்கும். ஆயினும் இவற்றைக் கூறியதனால் தமக்கையார் மனம் மாறவில்லை. அழகை விரும்புவாரிடம் ஈயத்தைப் பற்றிப் பேசி வென்றவர் இலர்.

யான் வெள்ளையை விரும்புதற்கு உரிய காரணம் இவற்றுள் ஒன்றுமன்று. அது என் பாட்டியாரின் அலமாரியில் தொடங்குகின்றது.

பாட்டியார் வீட்டுச் சுவரலமாரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே நீலப்பூ இட்ட ஆறு கோப்பைகள் தத்தம் சாசரின்மேல் அமர்ந்திருக்கும். போதகர் வந்தால் அவை இறங்கும். சம்பந்தி வீட்டார் வந்தால் இறங்கும். மற்ற நாட்களில் வீட்டார் எவர்சில்வர்த் தம்ளரில் குடிப்பர். பின்கட்டில் இறவாணத்தில் செருகிய வெள்ளை எனாமல் குவளை ஒன்றும் உண்டு. அதன் விளிம்பில் பூச்சு உதிர்ந்து கருமை தெரியும். நெல் புடைக்கவும் கிணறு தூர் வாரவும் வருவோர் தாமே அதனை எடுத்து, தாமே கழுவி, தேநீர் பெற்றுக் குடித்து, மீண்டும் கழுவி அவ்விடத்திலேயே செருகிச் செல்வர். அவர்களும் கிறிஸ்தவர்களே. ஞாயிறுதோறும் எங்களோடு ஒரே ஆலயத்தில் பாடுவோர். அக்குவளை எதற்கென்று எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலே கற்றுக்கொண்டேன், அதுவே கொடுமை.

எனக்கு ஒன்பது வயது நடக்கையில், கோடை நாளொன்றில், கிணறு தூர் வாரிய முதியவர் ஒருவர் சேறு படிந்த உடலோடு பின்வாயிலில் அமர்ந்திருந்தார். என் தந்தையாரினும் மூத்த அவரை யான் பெயர் சொல்லியே அழைத்து வந்தேன் என்பதை இன்று எழுதும்போது நாணுகின்றேன். அன்று இறவாணத்தில் குவளையைக் காணவில்லை. பாட்டியார் தேநீரை வடித்து வைத்துவிட்டுத் தொழுவத்துக்குச் சென்றிருந்தார். யான் அலமாரியைத் திறந்து, நீலக் கோப்பை ஒன்றில் தேநீரை ஊற்றிக்கொண்டு போய் நீட்டினேன். அவர் அதனை உடனே வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னே யாரேனும் உளரோ என்று பார்த்தார். “வேண்டாம் ஐயா, வைத்துவிடுங்கள்” என்றார். யான் பிடிவாதமாய் நிற்கவே, இரு கைகளாலும் ஏந்தி, விளிம்பில் உதடு படாமல் அண்ணாந்து குடித்தார்.

பாட்டியார் என்னைக் கடியவில்லை. கோப்பையைச் சாம்பலிட்டுத் துலக்கினார், வெயிலில் வைத்தார். யான் அதனை எடுத்து அலமாரியில் வைக்கப் போனபோது, “அதை இனி உள்ளே வைக்க வேண்டாம், தம்பி” என்று மெல்லச் சொன்னார். மறுவாரம் அதில் மண் இட்டு ஒரு திருநீற்றுப் பச்சிலைக் கன்றை நட்டிருந்தார். அலமாரியில் கோப்பைகள் ஐந்தாயின. அன்றுமுதல், ஏன் ஐந்து என்று விருந்தினர் கேட்டால் ஒன்று உடைந்துவிட்டது என்பது எங்கள் வீட்டில் வழங்கிய விடை.

பாட்டியார் கொடியவர் அல்லர். பசித்து வந்தோரை அவர் வெறுங்கையாய் அனுப்பியதை யான் கண்டதில்லை. அதனாலேயே இந்நிகழ்ச்சி என்னை நெடுநாள் வருத்திற்று.

வீட்டில் இவ்வாறு நிகழ்ந்ததன் பெரிய வடிவமே தேநீர்க்கடை இரட்டைக் குவளை. ஒரு சாரார்க்குக் கண்ணாடித் தம்ளர், மற்றொரு சாரார்க்கு அலுமினியக் குவளையோ சிரட்டையோ என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடைகள் பலவற்றில் நெடுங்காலம் வழங்கிற்று. உணவுவிடுதியில் பொதுமக்களுக்கென வைத்த கலங்களைத் தீண்டாமை கருதி ஒருவருக்கு மறுத்தல் குற்றமென்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சட்டம் கடைவாயிலைக் காக்கும். எங்கள் பின்கட்டு இறவாணத்தை அது அறியாது. திருச்சபையும் இதற்கு விலக்கன்று. யார் எங்கே அமர்வது, திருவிருந்தில் யார் முன்னே செல்வது என்னும் வேற்றுமைகளை அடியோடு விட்டொழிக்குமாறு கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டில் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகவும் துணிந்தனர். நாம் குடிக்கும் கிண்ணத்தில் நமக்குள்ள பற்று அத்தகையது!

இனி, வெள்ளைக்கும் இதற்கும் என்ன இயைபு என வினவுவீர். பூக்கோப்பை எண்ணிக்கையோடு பிறப்பது. ஆறு வாங்கினால் ஆறு. ஒன்று உடைந்தால் அதே பூவை மறுபடி எந்தக் கடையிலும் பெறல் அரிது. ஆதலின் உடையாமல் காக்க வேண்டும். காக்க அலமாரி வேண்டும். அலமாரியினின்றும் எவருக்காக இறக்குவது, எவருக்காக இறக்காதிருப்பது என்று நாள்தோறும் தீர்ப்பளிக்க வேண்டும். ஆறு கோப்பை உடைய வீட்டில் ஆறு பெரிய மனிதரே இருக்க முடியும். ஏனையோர்க்கு வேறொன்று தேடுகின்றோம். தேடிய அன்றே இரண்டு குவளை ஆயிற்று. வெள்ளைக் கோப்பைக்கு இத்தொல்லை இல்லை. இன்று அரியலூரில் பன்னிரண்டு, அடுத்த ஆண்டு திருச்சியில் பன்னிரண்டு என்று வாங்கினும் அவை ஒன்றோடொன்று இணங்கி நிற்கும். உடைந்தால் அழ வேண்டுவதில்லை. நாற்பது பேர் வந்தாலும் நாற்பது பேருக்கும் ஒன்றே.

மறுப்பு ஒன்று உண்டு. அதனை எழுப்பியவரும் தமக்கையாரே. “பாட்டி வீட்டு எனாமல் குவளையும் வெள்ளைதானே?” என்றார். உண்மை. வெறுமையாய் இருந்ததனாலேயே அது கடைப்பட்டது. வெண்மையில் அறம் இருப்பதாக யான் சொல்லவில்லை. பூக்கோப்பை நாற்பது வாங்கி வருவோர்க்கெல்லாம் அதிலேயே தரும் இல்லம் இருக்குமாயின் அதன்முன் என் கட்சி தோற்கும். ஆனால் அத்தகைய செல்வம் எங்கள் தெருவில் எவருக்கும் இல்லை. இப்பொழுது தாள் கோப்பை வந்துவிட்டதே, எல்லார்க்கும் ஒன்றுதானே என்று கூறுவோரும் உளர். பல கடைகளில் எல்லார்க்கும் அதுவாயிருப்பது நன்றே. ஆயினும் குடித்தவுடன் எறியப்படும் கோப்பையில், ஒருவர் உதடு பட்டதை மற்றொருவர் எடுக்கும் தருணம் வருவதில்லை. அத்தருணத்தைத் தாண்டாமல் சுற்றிப் போகும் வழி அது என்றே எனக்குத் தோன்றுகின்றது. வீட்டில் கழுவி அடுக்கும் கோப்பையே சோதனை.

பதினைந்தாம் நாள் தமக்கையாரும் யானும் திருச்சிக்குச் சென்று மூன்று டசன் வெள்ளைக் கோப்பைகள் வாங்கினோம். அவர் முற்றும் இணங்கினார் என்று கொள்ளற்க. ரோசாப்பூப் போட்ட பெரிய தட்டு ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டு ஒன்றாயின் எவருக்கு எது என்னும் வினா எழாது என்று என் வாயையும் அடைத்தார்.

திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னர்ப் பாட்டியார் ஒரு பழந்துணி மூட்டையைக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் வைத்தார். அவிழ்த்தபோது நீலக் கோப்பைகள் ஐந்தும் இருந்தன. அவற்றோடு ஆறாவதும் இருந்தது. அதன் அடியில் வேர் ஓடிய கறை இன்னும் போகவில்லை. பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. தமக்கையார் அவற்றைக் கழுவி வெள்ளைக் கோப்பைகளின் நடுவே ஆங்காங்கே அடுக்கினார். அன்று மாலை பந்தற்கால் நட்டோர்க்கும் உறவினர்க்கும் தேநீர் வந்தபோது, தட்டில் முன்னே நின்றதை அவரவர் எடுத்துக்கொண்டனர். கறை படிந்த கோப்பை என் தந்தையாரிடம் வந்தது.