கார்த்திகையில் கைக்கு வர வேண்டிய பணம்

திருத்தங்கல், வேம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கம் பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) வேலைக்குப் போகும் பெண்களிடம் மாதாமாதம் அஞ்சலக ஆர்.டி. (தொடர் வைப்பு) பணம் வசூலிக்கும் மகளிர் முகவர் நான். "மதினி, இதுல எவ்வளவு வட்டி?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். "எந்த மாசம் முதிரும்?" என்று கேட்பவர்கள் குறைவு. எங்கள் ஊரில் குடும்பத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது கேள்விதான்.

பட்டாசு வேலையில் வருமானம் ஆண்டு முழுக்க ஒரே சீராக வராது. சித்திரை வெயில் தொடங்கி புரட்டாசி வரை பீஸ் ரேட் வேலை குவியும். சனிக்கிழமை சம்பளம் கனமாக வரும். தீபாவளிக்கு முன் போனஸ். பண்டிகை முடிந்ததும் ஆலைகளை மூடிவிடுவார்கள், மழையும் சேர்ந்துகொள்ளும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்வரை சம்பளம் கிடையாது. 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு, அந்த இடைவெளி மாதக்கணக்கில் நீண்டது. தாலிச் செயின்வரை அடகுக் கடைக்குப் போனது.

அப்படியிருந்தும் இங்கே சேமிப்பு என்றால் தீபாவளிச் சீட்டுதான். போனஸ் வரும் வாரத்திலேயே சீட்டுப் பணமும் வந்து, இரண்டும் ஒன்றாகக் கரைகிறது. அடுத்த மாதமே நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கடன். அது மாத வட்டி. வருடத்துக்கு 60 சதவீதம். ஆர்.டி.க்கு வெறும் 6.7 சதவீதமா என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த 60-ஐக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்தக் கடனை வாங்காமல் தப்புவதுதான் இந்த ஊரில் ஒரு குடும்பம் பார்க்கக்கூடிய பெரிய லாபம்.

அதனால் ஆர்.டி. கணக்கைக் கார்த்திகையில் தொடங்கச் சொல்கிறேன். ஐந்து வருடம் கழித்து, ஆலை மூடியிருக்கும் அதே மாதம் முதிரும். வேலையில்லாத மாதங்களில் தவணை தவறுமே என்றால், அதற்கும் வழி உண்டு: ஆறு மாதத் தவணையை முன்கூட்டியே கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்கு 10 ரூபாய் தள்ளுபடி, பன்னிரண்டு மாதத்துக்கு 40 ரூபாய். பன்னிரண்டு தவணை கட்டி ஓராண்டு ஆனால், இருப்பில் பாதிவரை கடன் எடுக்கலாம், ஆர்.டி. வட்டியைவிட இரண்டு சதவீதம்தான் கூடுதல். இந்த வசதிகள் எழுத்தில் இருக்கின்றன, பயன்படுத்தத்தான் ஆளில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆர்.டி.யில் எனக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய் கமிஷன் உண்டு. டைம் டெபாசிட்டில் எனக்கு எதுவும் வராது. இருந்தாலும் போனஸில் மிஞ்சியதை ஒரு வருட டைம் டெபாசிட்டில் போடுங்கள் என்பேன். முதல் ஆறு மாதம் எடுக்கவே முடியாது. உறவுக்காரர் கைமாற்று கேட்டு வரும்போது அந்த விதிதான் துணை.

வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட் கணக்கைத் தொடங்கட்டும். 2021 நவம்பரில் வந்தது, கட்டணம் இல்லை. அதில் 10,000 ரூபாய் முகமதிப்பிலிருந்து அரசின் கருவூல பில்களை வாங்கலாம். நூறு ரூபாய் பில்லை அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கி, முதிரும்போது நூறாகப் பெறுவோம். அந்த வித்தியாசம்தான் வட்டி. வைகாசியில் வாங்கும் 182 நாள் பில் கார்த்திகையில் முதிரும்.

செல்போனில் 11, 12 சதவீதம் என்று வரும் கம்பெனிக் கடன் பத்திரங்கள் வேறு வகை. கம்பெனி தடுமாறினால் முதலுக்கே ஆபத்து. மழைக்கால அரிசிக்கான பணத்தை அங்கே வைக்காதீர்கள். அதிக வட்டி ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம்: மாதமே 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணம் போட்டார்கள். 2022-ல் அது வழக்கில் முடிந்தது.

ஆலை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். போனஸ் பட்டுவாடா நாளில் அஞ்சலக ஊழியர்களை ஆலை வாசலுக்கு அழையுங்கள். விருப்பமுள்ள பெண்கள் ஆறு மாதத் தவணையை அங்கேயே கட்டிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.