பழைய கள், புது மொந்தை, கூடவே ஒரு கிராமி

புது ஆல்பம் ஒன்று வெளியாகிறது. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் நாலு விநாடிக்கு, எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போல இசைத்தட்டுக் கீறல் சத்தம். பிறகு டிரம்ஸ், பேஸ் கிடார், பின்னாலேயே டிரம்பெட். உடனே விமர்சகர்கள் கூடி நின்று குலவை போடுகிறார்கள். "ஆஹா, அப்படியே எழுபதுகளில் கேட்ட மாதிரியே இருக்கிறது!" இப்படிச் சொல்பவர்களில் பலர் எழுபதுகளில் பிறந்திருக்கவே இல்லை என்பது தனிக்கதை.

'அப்படியே இருக்கிறது' என்பது பாராட்டா? அது ஜெராக்ஸ் கடையில் சொல்ல வேண்டிய வார்த்தையல்லவா? நகல் தெளிவாக வந்திருந்தால் காசு கொடுப்பார்கள். யாரும் மாலை போட மாட்டார்கள்.

இந்த ரெட்ரோ விவகாரத்தில் வழக்கமாக இரண்டு கட்சிகள். "நல்ல பாட்டு நல்ல பாட்டுதான், எந்தக் காலத்துச் சாயல் இருந்தால் என்ன?" என்பது ஒன்று. "எல்லாம் சுட்ட பழம்" என்பது இன்னொன்று. இரண்டுமே யோசிக்கச் சோம்பல்பட்டவர்களின் பதில். கேட்க வேண்டியதே வேறு. இந்தப் பாராட்டு எதற்காகத் தரப்படுகிறது? யாருக்குப் போய்ச் சேருகிறது?

முதலில் அந்தக் கடுகுச் சத்தம். ஐசோடோப் என்ற அமெரிக்க நிறுவனம் 'வினைல்' என்றொரு மென்பொருளை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தது. தூசி எவ்வளவு, கீறல் எவ்வளவு, தட்டு எவ்வளவு வளைந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகு. அதைவிட வேடிக்கை, ஆண்டையும் தேர்ந்தெடுக்கலாம். 1930 வேண்டுமா, 1950 வேண்டுமா, 1970 வேண்டுமா? தோசைக்கடையில் சாதாவா, மசாலாவா என்று கேட்பது மாதிரி. பழமை இன்றைக்கு ஒரு திருகு. அதைத் திருப்பத் தெரிந்ததற்காக ஒருவரைக் கலைஞர் என்று கொண்டாடுவது கொஞ்சம் அதிகம்.

"யார்தான் காப்பியடிக்கவில்லை? ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே மடி வாட்டர்ஸ் பாட்டிலிருந்துதானே எடுத்தார்கள்?" என்று இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. 1960களின் தொடக்கத்தில் அந்த லண்டன் பையன்களுக்கு ஒரே ஆசை, சிகாகோவின் ப்ளூஸ்காரர்கள் மாதிரி ஒலிக்க வேண்டும். முடியவில்லை. குரல் வேறு, ஊர் வேறு, பட்ட கஷ்டம் வேறு. 1964இல் சிகாகோவில் செஸ் ஸ்டுடியோவுக்கே போய்ப் பதிவு செய்தும் பார்த்தார்கள். அங்கேயும் ரோலிங் ஸ்டோன்ஸ் மாதிரிதான் ஒலித்தது. அந்த 'முடியவில்லை'யில் இருந்துதான் அவர்களுடைய சொந்தச் சத்தம் வந்தது. போலச் செய்யப் போய்த் தோற்றவர்கள் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டார்கள்.

இன்றைக்குத் தோற்க வேண்டியதில்லை. அதே டேப் மெஷின், அதே மைக், அதே கிடார், இல்லாவிட்டால் அதற்கான மென்பொருள், எல்லாம் கிடைக்கிறது. நூற்றுக்கு நூறு போலச் செய்யலாம். செய்த பிறகு கையில் என்ன மிச்சம்?

உதாரணம் வேண்டுமானால் 2019 பிப்ரவரிக்குப் போகலாம். சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி 'கிரெட்டா வான் ஃப்ளீட்' குழுவின் 'ஃப்ரம் த ஃபயர்ஸ்' ஆல்பத்துக்குக் கிடைத்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ராங்கன்மூத் என்ற சின்ன ஊர்ப் பையன்கள். மூன்று பேர் அண்ணன் தம்பிகள், நாலாவது ஆள் நண்பர். கேட்டவர்களுக்கெல்லாம் நினைவுக்கு வந்த பெயர் ஒன்றே ஒன்று: லெட் செப்பலின். அதே உச்சஸ்தாயிக் கூவல், அதே கிடார் வெட்டு. எல்லாரும் ஏமாந்துவிடவில்லை. 2018இல் வந்த அவர்களுடைய அடுத்த ஆல்பத்துக்கு 'பிட்ச்ஃபோர்க்' தளம் பத்துக்கு 1.6 மதிப்பெண் போட்டு வறுத்தெடுத்தது. ஆனாலும் அலமாரியில் கோப்பை இருக்கிறதே!

லெட் செப்பலினின் கதை என்ன? முதல் ஆல்பம் 1969இல். டிரம்மர் ஜான் பான்ஹம் 1980இல் இறந்தார், குழுவும் கலைந்தது. இயங்கிய அத்தனை வருடங்களில் ஒரு கிராமிகூடக் கிடையாது. சிறந்த ராக் ஆல்பம் என்றொரு பிரிவே அப்போது இல்லை என்று சமாதானம் சொல்லலாம். சிறந்த புதுமுகம் என்ற பிரிவு இருந்ததே! அதில் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ராக் ஆல்பம் விருது வந்து சேர்ந்தது 2014இல், அதுவும் 2007இல் பழைய ஆட்கள் ஒன்றுகூடி நடத்திய ஒரு கச்சேரியின் பதிவுக்கு. அசல் வந்தபோது கண்ணயர்ந்த சபை, நகல் வந்ததும் எழுந்து நின்று கைதட்டியது. காரணம் எளிது. அசல் பழக்கமில்லாதது, காது கூசியது. நகலுக்கு அந்தத் தொல்லை இல்லை. முன்பே பழகிய சத்தம், முன்பே தேர்வில் தேறிய சத்தம். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை அழகு என்று நினைத்துக்கொள்கிற குழப்பம் இது.

(செப்பலினே பெரிய திருடர்கள் ஆச்சே என்றால், ஆமாம். ப்ளூஸ் மேதை வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசம் ஆனது. திருட்டை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவர்கள் திருடிய தங்கத்தை உருக்கி வேறு நகை செய்தார்கள். கிரெட்டா பையன்கள் பக்கத்து வீட்டு நகையை அப்படியே போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து நிற்கிறார்கள்.)

இன்று 'பழைய சத்தம்' என்று கொஞ்சப்படுவது எதுவும் அந்தக் காலத்தில் பழையதாக இருக்கவில்லை. அதை மறந்துவிட்டுத்தான் இத்தனை ஆராதனையும். டெட்ராய்ட்டில் ஒரு வீட்டை ஸ்டுடியோவாக்கிப் பாட்டுத் தயாரித்த மோடவுன்காரர்கள், 1960களின் தொடக்கத்தில் மூன்று தடம் மட்டுமே உள்ள டேப்பில் பதிவு செய்தார்கள். பழமை மேல் காதலா? இல்லை, கையில் இருந்தது அதுதான். எட்டுத் தடம் வந்ததும் அதற்குத் தாவினார்கள். 1977இல் ஜார்ஜியோ மொரோடர் தயாரித்து டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' வந்தபோது, மூக் சிந்தசைசரில் அப்படி ஒரு பாட்டா என்று கேட்டவர்கள் திகைத்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது முன்னால். அவர்களைப் போலச் செய்கிறேன் என்பவர்கள் பார்ப்பது பின்னால். எந்த வகையில் இது 'போல'?

டாஃப்ட் பங்க் 2013இல் வெளியிட்ட 'ரேண்டம் ஆக்ஸஸ் மெமரீஸ்' ஆல்பத்தில் இந்த முரண் ஒரு பாட்டாகவே இருக்கிறது. மொரோடரையே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் இளமைக் கதையைப் பேச வைத்திருக்கிறார்கள். எதிர்காலத்தின் சத்தம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தனக்கு எப்படித் தோன்றியது என்று மனிதர் சொல்கிறார். எங்கே சொல்கிறார்? கடந்த காலத்தின் சத்தத்தை மீட்கப் பெரும்பொருள் செலவில் செய்த ஆல்பத்தில்! ஆனால் அந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். யாருடைய சத்தம் வேண்டுமோ அவர்களையே அழைத்தார்கள், பெயர் போட்டார்கள். 2014இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது கிடைத்தபோது நைல் ராட்ஜர்ஸும் பால் வில்லியம்ஸும் மேடையில் கூடவே நின்றார்கள். மென்பொருளை நாடாமல் மனிதரைத் தேடிப் போனார்கள். பாதிக் கடனாவது தீர்ந்தது.

சில்க் சோனிக் கொஞ்சம் கஷ்டமான கேஸ். புரூனோ மார்ஸும் ஆண்டர்சன் பாக்கும் சேர்ந்து 2021இல் கொடுத்த 'ஆன் ஈவ்னிங் வித் சில்க் சோனிக்' மொக்கை ஆல்பம் என்று யாரும் சொல்ல முடியாது. வாசிப்பு சுத்தம், நகைச்சுவை உண்டு, பூட்ஸி காலின்ஸ் என்ற மூத்தவர் சூத்திரதாரியாக வந்து போகிறார். 'லீவ் த டோர் ஓப்பன்' பாட்டுக்கு மட்டும் 2022இல் நான்கு கிராமி. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட எழுபதுகள் எது? மார்வின் கே 1971இல் வியட்நாம் போரிலிருந்து திரும்பும் பையனின் கண்ணால் ஊரைப் பார்த்த எழுபதுகள், கர்டிஸ் மேஃபீல்ட் 1972இல் போதை வியாபாரத்தில் அழியும் தெருவைப் பாடிய எழுபதுகள் இதில் இல்லை. வெல்வெட் சட்டை இருக்கிறது, பெரிய கண்ணாடி இருக்கிறது, படுக்கையறை விளக்கு இருக்கிறது. காயத்தை விட்டுவிட்டுப் பட்டுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு மறு வருடம் வந்த ஆல்பம் இது. அரசியல் பாடியே தீர வேண்டும் என்று சட்டமில்லைதான். ஜாலியாக ஆட ஒரு ஆல்பம் வேண்டும் என்றால் தாராளமாக ஆடலாம். ஆனால் 'அந்தப் பொற்காலம் திரும்பிவிட்டது' என்று டமாரம் அடிப்பவர்கள், திரும்பியது அதன் உடுப்பு மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ரெட்ரோ ஆல்பத்தில் தேறியதே கிடையாதா? உண்டு. 2006 அக்டோபரில் வந்த எமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்'. இசை 1960களின் பெண்கள் குழுக்களிடமிருந்து வந்தது. வார்த்தைகள் அப்படியல்ல. குடி, துரோகம், மறுவாழ்வு மையத்துக்குப் போக மறுக்கும் பிடிவாதம், கெட்ட வார்த்தை எல்லாம் வடலண்டன் பெண் ஒருத்தியின் சொந்த வாழ்க்கையிலிருந்து. அறுபதுகளில் அந்தச் சேலையைக் கட்டிய எந்தப் பாடகியையும் இப்படிப் பேச எந்த கம்பெனியும் விட்டிருக்காது. பழைய சத்தத்தின் ஒழுங்குக்கும் புதிய வாயின் ஒழுங்கின்மைக்கும் நடக்கும் சண்டைதான் அந்த ஆல்பம். 2008இல் கிடைத்த ஐந்து கிராமியும் தகும்.

ஆனால் அந்த ஆல்பத்தின் பின்னால் இன்னொரு பெண் இருக்கிறார். தயாரிப்பாளர் மார்க் ரான்சன் தன் பங்குப் பாடல்களில் பலவற்றுக்கு வாசிக்கக் கூப்பிட்டது நியூயார்க்கின் டாப்-கிங்ஸ் குழுவை. ப்ரூக்ளினில் ஒரு பழைய வீட்டில் டேப்டோன் ரெக்கார்ட்ஸ் நடத்திய ஸ்டுடியோ, டேப் மெஷின், பித்தளை வாத்தியங்கள், எல்லாம் அவர்களுடையது. டாப்-கிங்ஸ் யாருடைய குழு? ஷாரன் ஜோன்ஸுடையது.

ஷாரன் ஜோன்ஸ் 1956இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்தவர். ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த ஊர். சர்ச்சில் பாடினார், கல்யாணக் கச்சேரிகளில் பாடினார். பாட்டு சோறு போடாததால் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தார், பணம் ஏற்றிச் செல்லும் வேனுக்குக் காவல் போனார். குட்டை, குண்டு, கறுப்பு, வயது அதிகம் என்றெல்லாம் இசை கம்பெனிகளில் தன்னை ஒதுக்கியதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டாப்-கிங்ஸோடு அவருடைய முதல் ஆல்பம் 2002இல் வந்தபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

அவர் பாடியதையும் 'ரெட்ரோ சோல்' என்றுதான் எழுதினார்கள். எந்த வகையில் ரெட்ரோ? தான் வளர்ந்த பாட்டை, தன் காலத்துப் பாட்டை, யாரும் மைக் கொடுக்காததால் இருபத்தைந்து வருடம் தாமதமாகப் பாடிய பெண்மணி அவர். உடுப்பு வாடகைக்கு எடுத்தவர் அல்ல, சொந்த உடுப்பைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டி வந்தவர். (பழைய தட்டுகளைச் சேகரிக்கும் பைத்தியம் பிடித்த ப்ரூக்ளின் இளைஞர்கள் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி திறந்தே இருக்காது. ரெட்ரோ பித்து செய்த ஒரே பெரிய புண்ணியம் இது. அதை மறுப்பதற்கில்லை.)

2007இல் இதே குழு எமியோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. அதே வருடம் ஷாரனோடு '100 டேஸ், 100 நைட்ஸ்' ஆல்பத்தையும் வெளியிட்டது. அதே கைகள், அதே டிரம்ஸ், அதே வீடு. மறு வருடம் ஒரு பக்கம் ஐந்து கிராமி, இன்னொரு பக்கம் பூஜ்யம். எமி மேல் குற்றம் இல்லை, அந்தப் பெண் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. இருபத்தேழு வயதில் செத்தும் போயிற்று. குற்றம் கைதட்டியவர்கள் மேல். பழைய சத்தம் வேண்டும், ஆனால் அது இளைய முகத்திலிருந்து வர வேண்டும். பழைய சத்தத்துக்குச் சொந்தக்காரியே நேரில் வந்து நின்றால் 'சரி, பக்கத்தில் இருங்கள்' என்பார்கள்.

ஷாரன் ஜோன்ஸுக்கு 2013இல் கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. கீமோதெரபியில் முடி உதிர்ந்த தலையோடு, விக் எதுவும் வைக்காமல் மேடையேறி ஆடினார். 2015இல், சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருது வேறொருவருக்குப் போனது. 2016 நவம்பரில், அறுபது வயதில் இறந்தார்.

அடுத்த முறை யாராவது 'அப்படியே அந்தக் காலம்' என்று ஒரு புது ஆல்பத்தை நீட்டினால், வாங்கிக் கேளுங்கள், தப்பில்லை. அதற்கு முன் ஒரு சாயங்காலம் 'பேக் டு பிளாக்', '100 டேஸ், 100 நைட்ஸ்' இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பாதிப் பாட்டுகளில் டிரம்ஸ் அடிப்பது ஒரே ஆள்தான்.