நூலுக்குக் காற்று உண்டு, தொழிலாளிக்கு?

நூற்பாலைக்குள் காற்று தானாக வருவதில்லை. ஜன்னல்கள் அடைத்தே கிடக்கும். நிர்வாகம் விட்டால்தான் காற்று. ஆகவே கூலியைப் போல, வேலை நேரத்தைப் போல, காற்றும் ஒரு தொழிற்சங்கப் பிரச்னைதான். நம் தோழர்களில் பலர் இதை இன்னும் உணரவில்லை.

காற்று வரும் வழியைப் பாருங்கள். வெளிக்காற்றும், ஆலைக்குள்ளிருந்து திரும்பும் காற்றும் ஓர் அறையில் கலக்கின்றன. அங்கே நீர்த்தாரைகள் அதைக் கழுவி ஈரமாக்குகின்றன. பெரிய விசிறிகள் அதைக் கூரைக் குழாய் வழியே உள்ளே தள்ளுகின்றன. இயந்திரங்களின் சூட்டையும் பஞ்சுத் தூசியையும் சுமந்துகொண்டு அது தரையடிக் கால்வாயில் இறங்குகிறது. வடிகட்டியைக் கடந்து பழைய இடத்துக்கே திரும்புகிறது. வெளிக்காற்று எவ்வளவு, திரும்பிய காற்று எவ்வளவு என்பதைத் தகட்டுக் கதவுகள் தீர்மானிக்கின்றன.

இத்தனை ஏற்பாடும் யாருக்கு? நூலுக்கு! காற்று வறண்டால் இழை அறுந்துவிடும். எனவே ஸ்பின்னிங் பகுதியில் ஈரப்பதம் 55, 60 சதத்தில் நிற்கும்படி அல்லும் பகலும் காவல் காக்கிறார்கள். சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் மனிதனுக்கு வியர்வை உலராது, உடல் தணியாது. அதைக் காவல் காப்பவர் யார்?

இன்னொரு கணக்கும் உண்டு. விசிறியின் வேகத்தை 20 சதம் குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மின்சாரச் சிக்கனத்தை நாம் எதிர்க்கவில்லை; குளிர்ந்த மாதங்களில் தாராளமாகக் குறைக்கட்டும். சித்திரை வெயிலில் குறைத்தால் மிச்சம் முதலாளிக்கு, புழுக்கம் தொழிலாளிக்கு! வடிகட்டி அடைத்துக் கிடந்தாலும் இதே கதிதான்.

"லீவு முடிஞ்சு வர்ற நாள் நெஞ்சைப் புடிக்குதுங்க தோழர், மறுநாள் தேவலைங்க" என்று ஒரு கார்டிங் தொழிலாளி ஆலை வாசலில் என்னிடம் சொன்னார். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோய் இப்படித்தான் ஆரம்பமாகிறது. கவனிக்காமல் விட்டால் நுரையீரலையே கெடுத்துவிடும்.

"வெளிக்காற்றை விட்டால் ஈரம் குறையும், நூல் அறுகும்" என்கிறது நிர்வாகம். கழுவும் அறை ஒழுங்காக வேலை செய்தால் வெளிக்காற்றும் ஈரமாகித்தானே உள்ளே வரும்? குறை காற்றில் இல்லை, மராமத்தில் இருக்கிறது.

உரிமை ஒன்றும் தானாக வரவில்லை. நெசவுக்கூடத்தில் நீராவி விடுவதை லங்காஷயர் நெசவாளர்கள் எதிர்த்தார்கள். 1889-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஈரத்துக்கு வரம்பு கட்டிச் சட்டம் இயற்றியது. சுத்தமான காற்றோட்டம் வேண்டும், தூசியை அகற்ற வேண்டும், ஈரமாக்கும் தண்ணீர் சுத்தமாயிருக்க வேண்டும் என்று நம் நாட்டின் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் எழுதி வைத்தது. எழுத்து காற்றாக மாற, சங்கம் கேட்க வேண்டும்.

ஷிப்டுதோறும் வெப்ப, ஈர அளவுகளை எழுதித் தொங்கவிடுக! வடிகட்டியையும் நீர்த்தாரைகளையும் சுத்தம் செய்த தேதியைக் காட்டுக! விசிறி வேகத்தைக் குறைக்குமுன் தொழிலாளர் பிரதிநிதியைக் கலந்துகொள்க! அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலிக்குப் பக்கத்திலேயே இந்த மூன்றும் இடம்பெறட்டும்.