தரை டிக்கெட்டை ஒழித்த கனவான்கள்

"பஞ்சப்படிக்கும் கூலி உயர்வுக்கும் நாம் போராடிக்கொண்டிருக்கிறோம். எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கால்பந்துப் பந்தயத்தின் டிக்கெட் விலை நமக்கு எதற்கு?" என்று வாசகத் தோழர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலையும் உடனே சொல்லிவிடுகிறோம். ஆலையிலும் வயலிலும் நம் உழைப்பைப் பறிப்பதோடு முதலாளித்துவம் திருப்தி அடைவதில்லை. சங்கு ஊதிய பிறகு மிஞ்சும் நாலு மணி நேர சந்தோஷத்திலும் அதற்குப் பங்கு வேண்டும். இதற்கு 2026 உலகக் கோப்பை டிக்கெட் விற்பனையைப் போல் பட்டவர்த்தனமான சாட்சி கிடைப்பது அரிது.

விஷயத்தைக் கேளுங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். நடத்துவது பீபா என்ற சர்வதேசக் கால்பந்து ஸ்தாபனம். போட்டியை நடத்தும் உரிமையைக் கேட்டு இந்த மூன்று நாடுகளும் கொடுத்த மனுவில் மலிவு டிக்கெட் 21 டாலர் என்று எழுதியிருந்தது. 2025 செப்டம்பரில் கடையைத் திறந்தபோது அது 60 டாலர் ஆகிவிட்டது. உச்சவிலை 6,730 டாலர். 2025 டிசம்பரில் ஒவ்வொரு நாட்டு அணியின் விசுவாசிகளான ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய டிக்கெட்டின் விலை வெளிவந்தது. கடைசி ஆட்டத்துக்கு அதில் மிகக் குறைந்த விலை என்ன தெரியுமா? 4,185 டாலர்! தன் அணியை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை தொடர்ந்து பார்க்க விரும்புகிறவன் டிக்கெட்டுக்கு மட்டும் 6,900 டாலருக்குக் குறையாமல் அழ வேண்டும் என்று ஐரோப்பிய ரசிகர்களின் சம்மேளனம் கணக்குப் போட்டுக் காட்டியது. மாபெரும் துரோகம் என்று அது கண்டித்தது.

இந்த 4,185 டாலரைக் கூலிக் கணக்கில் பார்ப்போம். அமெரிக்க மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-ல் வைத்தது, 2025 டிசம்பரில் இந்த டிக்கெட் விலை வெளிவந்த நாளிலும் அதே தொகைதான். அந்தக் கூலிக்கு ஓர் அமெரிக்கத் தொழிலாளி 577 மணி நேரம், அதாவது வாரம் 40 மணி வீதம் பதினான்கு வாரத்துக்கு மேல், உண்ணாமல் உடுக்காமல் உழைத்தால் ஒரு டிக்கெட். இறுதி ஆட்டத்துக்குக் குறித்த நியூ ஜெர்சி மாநிலத்தில் 2025-ல் கூலி கூடுதல்தான்: 15 டாலர் 49 சென்ட். அங்கேயும் 270 மணி நேரம்! நம் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்குப் புரிகிற கணக்கும் உண்டு. ரூபாயில் இது ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம். 2025-26-ல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். வருஷத்துக்கு நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்து (கிடைத்ததா என்பது வேறு கதை), கூலியும் பாக்கியில்லாமல் வந்தால், பதினோரு வருஷத்துக்கு மேல் மண் வெட்ட வேண்டும். எதற்கு? தொண்ணூறு நிமிஷ ஆட்டத்துக்கு!

சரி, இந்த ஆட்டம் யாருடைய சொத்து? சரித்திரத்தைச் சற்றுப் புரட்டுவோம்.

கால்பந்தைப் பணக்காரப் பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூடங்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள், விதிகளையும் எழுதினார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் அதை ஜனங்களின் ஆட்டமாக ஆக்கியவர்கள் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள். பத்து மணி நேர வேலைக்காகப் பல பத்தாண்டுகள் அவர்கள் போராடினார்கள். அதன் விளைவாக 1850-ல் வந்த பாக்டரிச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளம் தொழிலாளர்களும் சனிக்கிழமை பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று விதித்தது. அவர்கள் வெளியேறினால் ஆலை ஓடுமா? ஓடாது. ஆலை நின்றது; ஆண்களும் வெளியே வந்தார்கள். இரண்டு மணிக்குச் சங்கு, மூன்று மணிக்கு ஆட்டம்! சனிக்கிழமை மூன்று மணி என்பது அந்நாட்டுக் கால்பந்தின் வழக்கமான நேரமாக ஊன்றிவிட்டதன் வேர் இதுதான். முதலாளி மனமுவந்து கொடுத்த ஓய்வில் பிறந்ததல்ல இந்த ஆட்டம்.

1883-ல் லண்டனில் இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈட்டன் என்ற சீமான் வீட்டுப் பள்ளியில் படித்த கனவான்கள். மறுபக்கம் லங்காஷயரின் பருத்தி ஆலை நகரமான பிளாக்பர்னிலிருந்து வந்த ஒலிம்பிக் அணி. அதில் தறியோட்டுகிறவர்களும் இருந்தார்கள், நூற்பாலைக்காரரும் இருந்தார், இரும்பு வார்ப்படத் தொழிலாளியும் இருந்தார். கூடுதல் நேரத்தில் 2-1 என்று கனவான்கள் தோற்றார்கள். வெற்றி கோலைப் போட்ட ஜிம்மி காஸ்ட்லி ஒரு நூற்பாலைத் தொழிலாளி! ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்யும் நம் தோழர்கள் இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும். இன்று கோடிகளில் புரளும் மான்செஸ்டர் யுனைட்டெட் 1878-ல் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல் 1886-ல் பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது.

நம் ஊர் டூரிங் கொட்டகைகளில் தரை டிக்கெட் என்று ஒன்று இருந்ததே, அது கால்பந்து மைதானங்களிலும் இருந்தது. அதில் புகழ்பெற்றது பிரேசிலின் ரியோ நகரத்து மரக்கானா. 1950 ஜூலை 16-ல் அங்கே உலகக் கோப்பையை முடிவு செய்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். உருகுவேயிடம் பிரேசில் 1-2 என்று தோற்றது; நாடே அழுதது. அந்த மைதானத்தில் ஆடுகளத்தை ஒட்டிச் சுற்றிலும் 'ஜெரால்' என்று ஓர் இடம் இருந்தது. நாற்காலி கிடையாது, நிழல் கிடையாது. நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். மழை பெய்தால் நனைய வேண்டும். ஆனால் கையில் சில்லறை வைத்திருக்கும் துறைமுகக் கூலியும் வீட்டுவேலைக்காரனும் உள்ளே போகலாம். 2005-ல் அதை மூடிவிட்டார்கள். 2014 உலகக் கோப்பைக்காக மைதானத்தை உள்ளே இடித்துக் கட்டி நாற்காலி போட்டார்கள். அந்த வருஷத்து இறுதி ஆட்டத்தை அங்கே பார்த்தவர்கள் 74,738 பேர். நாற்காலி போட்டது குற்றமா என்று கேட்பார்கள். நாற்காலி போட்டதற்கு நாம் விரோதியல்ல, கூலிக்காரனும் உட்காரட்டும். அவனை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நாற்காலி போட்டதைத்தான் சொல்கிறோம்.

மறுபடி 2025-க்கு வருவோம். டிக்கெட் விற்கும் முறையையே பீபா மாற்றிவிட்டது. 'டைனமிக் பிரைசிங்' என்று அதற்கு நாகரிகமான பெயர். தீபாவளிக்கு ஊருக்குப் போகக் குடும்பத்தோடு கிளம்பும் தொழிலாளிக்கு இது தெரிந்த வித்தைதான். அதே ஆம்னி பஸ், அதே ஸீட், அதே டிரைவர். கூட்டத்தைக் கண்டதும் கட்டணம் மட்டும் மூன்று மடங்கு! வாங்குகிறவன் எவ்வளவு தவிக்கிறான் என்று பார்த்து விலை வைப்பதுதான் இதன் சூட்சுமம்.

இந்தச் சூட்சுமம் சந்தி சிரித்த கதை ஒன்று உண்டு. 2025 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் பீபா கிளப் அணிகளுக்கு ஓர் உலகக் கோப்பை நடத்தியது. ஆர்லாண்டோ நகரில் தென்கொரிய அணியும் தென்னாப்பிரிக்க அணியும் மோதிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 3,412 பேர்! இருபத்தையாயிரம் பேர் உட்காரும் மைதானம் அது. செல்சியும் புளுமினென்சேயும் மோதிய அரை இறுதி ஆட்டத்துக்கு முதலில் வைத்த விலை 473 டாலர் 90 சென்ட். ஆள் வரவில்லை. ஆட்டம் நெருங்கியதும் அதே டிக்கெட் 13 டாலர் 40 சென்ட்டுக்கு வந்தது! நாம் கேட்கிறோம்: 13 டாலருக்குக் கொடுக்க முடிந்த பண்டத்துக்கு 473 டாலர் கேட்டது எந்தச் செலவுக் கணக்கில்? புல்லுக்கு நீர் விட்ட செலவா? விளக்குப் போட்ட செலவா? முதலில் சொன்ன விலைக்கும் ஆட்டத்தை நடத்தும் செலவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கடைக்காரனே ஒப்புக்கொண்டான். காலி நாற்காலிகள் தொலைக்காட்சியில் தெரிந்து மானம் போகும் என்ற பயம் வந்தபோதுதான் ஏழை ரசிகன் அவர்கள் கண்ணில் பட்டான்.

இது போதாதென்று கள்ள மார்க்கெட்டையும் பீபாவே ஏற்று நடத்தியது. வாங்கிய டிக்கெட்டை மறுபடி விற்க அதுவே ஒரு சந்தை திறந்தது. அமெரிக்காவில் விலைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. விற்கிறவனிடம் நூற்றுக்குப் பதினைந்து, வாங்குகிறவனிடம் நூற்றுக்குப் பதினைந்து கமிஷன். முன்பெல்லாம் கொட்டகை வாசலில் பிளாக்கில் விற்பவனைப் போலீஸ்காரன் விரட்டுவான். இங்கே போலீஸ்காரனே கல்லாவில் உட்கார்ந்துவிட்டான். மெக்சிகோவில் சட்டம் குறுக்கே நின்றது. அந்நாட்டில் நடக்கும் ஆட்டங்களுக்கு அந்நாட்டு மக்கள் வாங்கிய டிக்கெட்டை வாங்கிய விலைக்கு மேல் அந்தச் சந்தையில் கைமாற்ற முடியாது என்று வைக்க வேண்டியதாயிற்று. ஆக, கட்டுப்படுத்த முடியாத 'மார்க்கெட் நியதி' என்று ஒன்றும் ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை.

கனவான்கள் என்ன சமாதானம் சொல்கிறார்கள்? "பதினைந்தே நாளில் பதினைந்து கோடி விண்ணப்பம் வந்திருக்கிறது, அவ்வளவு கிராக்கி" என்றார் பீபா தலைவர் இன்பான்டினோ. கிராக்கி! 1943-ல் வங்காளத்தில் அரிசி விலை ஏறியதற்கும் இப்படித்தான் கிராக்கி என்றார்கள். ஆட்டம் அரிசி அல்ல. ஆட்டம் பார்க்காமல் எவனும் சாவதில்லை. நமக்குத் தெரியும். ஆனால் வாதம் ஒன்றுதான்: பத்துப் பேருக்கு ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது பணம் உள்ளவனுக்கே போக வேண்டும் என்பது. குலுக்கல் போட்டு நியாய விலைக்குக் கொடுக்கலாமே! குலுக்கலும் போட்டார்கள், குலுக்கலில் ஜெயித்தவனும் கொள்ளை விலைதான் கொடுக்க வேண்டும்.

"வருகிற பணமெல்லாம் உலகெங்கும் கால்பந்து வளர்ச்சிக்குத்தான் போகிறது" என்பது அடுத்த சமாதானம். ஏழை நாடுகளுக்குப் பணம் போகவே இல்லை என்று நாம் சொல்லவில்லை, போகிறது. ஆனால் 2019 முதல் 2022 வரையில் பீபாவின் வருமானம் சுமார் 750 கோடி டாலர். அந்தக் கணக்கில் அடங்கிய 2022 கத்தார் உலகக் கோப்பையில் அங்கே வசிக்கிறவர்களுக்கு 40 ரியால் டிக்கெட் இருந்தது. அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். ஆக ஒரு நாள் கூலிக்குச் சற்று மேல். கத்தார் மன்னராட்சிக்கு நற்சாட்சி கொடுப்பது நம் வேலையல்ல. அந்த மைதானங்களை வெயிலில் கட்டிய நேபாளி, இந்தியத் தொழிலாளர்களில் மாண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கு சரிவர வெளிவந்ததே இல்லை. 2010-ல் தென்னாப்பிரிக்காவிலும் உள்ளூர் மக்களுக்கு 140 ராண்ட் டிக்கெட் இருந்தது. 2014-ல் பிரேசிலில் மாணவர், முதியோர், அரசின் உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பத்தார் ஆகியோருக்கு மலிவு டிக்கெட் ஒதுக்கும்படி சட்டமே இருந்தது. இதே அமெரிக்காவில் 1994-ல் 25 டாலரில் தொடங்கி விற்றபோது 52 ஆட்டங்களுக்கு 35 லட்சத்து 87 ஆயிரம் பேர் வந்தார்கள். மைதானம் நிரம்பியது, பீபாவும் திவாலாகவில்லை. 2023-26 கால வருமானத்தை முதலில் 1,100 கோடி டாலர் என்று போட்டு, பிறகு 1,300 கோடி என்று ஏற்றிக்கொண்ட ஸ்தாபனம், உள்ளூர் ஏழைக்கென்று ஒரு வகுப்புக்கூட ஒதுக்காமல் 2025-ல் கடையைத் திறந்தது. ஸ்விஸ் சட்டப்படி இது லாப நோக்கமற்ற சங்கமாம்!

காசு இருந்தாலும் நுழைய முடியாதவர்களும் உண்டு. 1974-க்குப் பிறகு முதல் தடவையாக ஹைத்தி தகுதி பெற்றது. ஆனால் ஹைத்தி மக்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று டிரம்ப் சர்க்கார் 2025 ஜூனிலேயே தடை போட்டுவிட்டது. ஆட்டக்காரர்களுக்கு விலக்கு, ரசிகர்களுக்கு இல்லை. அந்த டிரம்புக்குத்தான் 2025 டிசம்பர் 5-ல் வாஷிங்டனில் பீபா ஒரு சமாதானப் பரிசைச் சூட்டி மகிழ்ந்தது.

எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு லிவர்பூல் ரசிகர்கள் சாட்சி. அது கிளப் ஆட்டம். ஆனாலும் பாடம் பெரிது. புதிய ஸ்டாண்டில் 77 பவுன் டிக்கெட் என்று முதலாளிகள் அறிவித்தார்கள். 2016 பிப்ரவரி 6-ல், ஆட்டத்தின் 77-ஆவது நிமிஷத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று ஜெயித்துக்கொண்டிருந்தது. ஜெயிக்கும் அணியை விட்டு வெளியே போவது ரசிகனுக்கு எவ்வளவு கஷ்டம்! ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நாலே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த மாதமே, வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுனுக்கு மேல் வாங்குவதில்லை என்று அந்த லீக் அணிகள் எல்லாம் ஒப்புக்கொண்டன.

உலகக் கோப்பை விஷயத்திலும் 2025 செப்டம்பரில் நியூயார்க்கில் சோரான் மம்தானி மேயர் தேர்தலில் நின்றபோதே மகஜர் விட்டார்: தவிப்பைப் பார்த்து விலை ஏற்றாதே, மறுவிற்பனைக்கு வரம்பு கட்டு, உள்ளூர் ஜனங்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து டிக்கெட் ஒதுக்கு. நவம்பரில் ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பரில் ஐரோப்பிய ரசிகர்களின் கண்டனம் எழுந்து ஒரு வாரம் ஆவதற்குள் பீபா இறங்கி வந்தது. எல்லா ஆட்டங்களுக்கும், இறுதி ஆட்டத்துக்கும்கூட, 60 டாலர் டிக்கெட் உண்டு என்று அறிவித்தது. எத்தனை பேருக்கு? ஓர் அணியின் ரசிகர்களுக்கு ஒதுக்குவது மைதானத்தில் நூற்றுக்கு எட்டு இடம். அந்த எட்டிலும் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும்தான் இந்த விலை. எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம் என்றால் ஓர் அணிக்கு 640 பேர். இரண்டு அணிக்கும் சேர்த்து 1,280 பேர்.

இது போதாது என்று ரசிகர் சம்மேளனம் அப்போதே சொல்லிவிட்டது. நாமும் அதையே சொல்கிறோம். மீதி 78,720 நாற்காலிகளின் விலை என்ன?