விபத்தில் தமிழ்நாடு நம்பர் 1... அப்போ நம்ம ஊர் சாலைதான் ரொம்ப ஆபத்தானதா? எண்கள் சொல்வது என்ன?

நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடக்கும் மாநிலம் தமிழ்நாடு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கை தரும் கணக்கு இது. அந்த ஆண்டில் நாடு முழுவதும் பதிவான 4,61,312 விபத்துகளில் 64,105 இங்கே நடந்தவை.

ஆனா உயிரிழப்பில் கதை வேற. 22,595 மரணங்களுடன் உத்தரப் பிரதேசம் முதலிடம். 17,884 மரணங்களுடன் தமிழ்நாடு 2-ம் இடம்.

அப்போ எந்த மாநிலத்து சாலை ஆபத்தானது? எதை எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து பதிலே மாறிவிடும்.

மாநிலம்: ஒரே எண், ரெண்டு முகம்

முதலில் 100 விபத்துக்கு எத்தனை பேர் உயிரிழக்கிறார்கள் என்று பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தில் சுமார் 54 பேர். தேசிய சராசரி 36.5. தமிழ்நாட்டில் சுமார் 28 பேர்தான். 'பரவாயில்லையே' என்று தோன்றும்.

அதே மரணங்களை மக்கள்தொகையால் வகுத்தால் நிலைமை தலைகீழ். தோராயமாக ஒரு லட்சம் பேருக்கு உத்தரப் பிரதேசத்தில் 10 பேர், நாடு முழுவதும் 12 பேர், தமிழ்நாட்டில் 23 பேர். அதாவது தேசிய அளவைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

ரெண்டு கணக்குமே சரிதான். சின்னச் சின்ன விபத்துகளுக்கும் வழக்குப் பதிவாகும் இடத்தில் விபத்து எண்ணிக்கை கூடும். 100 விபத்துக்கான மரணம் குறைவாகத் தெரியும். பெரிய விபத்து மட்டும் பதிவாகும் இடத்தில் இது அப்படியே மாறும். அதனால் விபத்து எண்ணிக்கையை வைத்து மட்டும் நிம்மதி அடையவும் முடியாது, பயப்படவும் முடியாது.

வாகனம்: கார் பாதுகாப்பு, பைக் ஆபத்தா?

2022-ல் உயிரிழந்தவர்களில் 44.5% பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 19.5% பேர் நடந்து சென்றவர்கள். கார், வேன் போன்ற வாகனங்களில் இருந்தவர்கள் சுமார் 12.5%.

'நம்ம நாட்டில் ஓடுவதில் முக்கால்வாசி பைக்தானே, மரணமும் அதிகமாகத்தானே இருக்கும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு, ஓடிய தூரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அப்படிக் கணக்கிடுகிறார்கள். ஒரே தூரத்துக்கு, காரில் செல்பவரைவிட பைக்கில் செல்பவர் உயிரிழக்கும் வாய்ப்பு அங்கே 20 மடங்குக்கும் மேல்.

இந்தியாவில் 2022-ல் ஹெல்மெட் அணியாமல் உயிரிழந்தவர்கள் 50,029 பேர். இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள்.

காரிலும் இதே கதைதான். சீட் பெல்ட் போடாமல் இறந்த 16,715 பேரில் சரிபாதி பேர் ஓட்டுநர் அல்ல, உடன் பயணித்தவர்கள். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் கூறினர். அதன் பிறகுதான் பின் சீட் பெல்ட் பற்றி நாடே பேசியது.

இடம்: 2% சாலை, 36% மரணம்

நாட்டின் மொத்த சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2% மட்டுமே. ஆனா 2022-ல் 61,038 பேர், அதாவது 36.2% பேர் இங்கேதான் உயிரிழந்தனர்.

இதிலும் ஒரு விஷயம் இருக்கு. மொத்தப் போக்குவரத்தில் சுமார் 40% இந்தச் சாலைகளில்தான் ஓடுகிறது. ஆக, வாகனங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மரணம் அளவுக்கு மீறியதாகத் தெரியாது. ஆனா ஒரு விபத்து நடந்துவிட்டால் பிழைப்பது இங்கே கஷ்டம். நெடுஞ்சாலையில் 100 விபத்துக்கு 40 பேர் இறக்கிறார்கள். மாநில நெடுஞ்சாலையும் அல்லாத மற்ற சாலைகளில் 33 பேர். காரணம், வேகம்.

இன்னொரு பக்கம் பார்த்தால், இத்தனை மரணமும் 2% சாலைக்குள் அடங்கிவிடுகிறது. அடிக்கடி விபத்து நடக்கும் இடங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாலே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றலாம்.

வயது: இளைஞர்கள்தான் காரணமா?

உயிரிழந்தவர்களில் 66.5% பேர் 18 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்கள். உடனே 'பசங்க கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறாங்க' என்று சொல்லிவிடுகிறோம். ஆனா இது இறந்தவர்களின் வயது. நடந்து போனவர், பின்னால் உட்கார்ந்தவர் எல்லாரும் இதில் அடக்கம். வேலைக்காக அதிகம் சாலையில் இருப்பதும் இந்த வயதினர்தான்.

ஓட்டுநரின் வயதையும் ஓட்டிய தூரத்தையும் சேர்த்துப் பார்க்கும் அமெரிக்கக் கணக்கில், 16 முதல் 19 வயதினர் உயிரிழப்பு விபத்தில் சிக்கும் வாய்ப்பு, 20 வயதைக் கடந்தவர்களைவிட சுமார் 3 மடங்கு. 70 வயதுக்கு மேல் அது மறுபடியும் ஏறத் தொடங்குகிறது. முதலில் அனுபவக் குறைவு, பிறகு முதுமை.

அதனால்தான் இங்கே 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தால் சட்டம் பெற்றோரைப் பிடிக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு ரூ.25,000 அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

அடுத்த முறை 'விபத்தில் முதலிடம்' என்ற செய்தியைப் பார்த்தால், எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். அதோடு, பைக்கில் பின்னால் உட்காருபவருக்கும் ஒரு ஹெல்மெட் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 14,337 பேரில் பலரை அது காப்பாற்றியிருக்கும்.